ஆஸ்திரேலிய ஓப்பன் டபுள்ஸ் பார்க்க காசு கட்டலாமா?

கட்டலாம். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்காக ஏதாவது ஒரு ஆப்புக்கு சந்தா கட்டப்போகிறீர்கள் என்றால், ஜோகோவிச், அல்கராஸ் எல்லாரையும் ஹைலைட்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள், கொடுத்த காசை ஆண்கள் டபுள்ஸில் வசூல் பண்ணுங்கள் என்பதுதான் என் கட்சி. சிங்கிள்ஸ் ஐந்து செட்டுக்குப் போனால் பொழுது போய்விடும். டபுள்ஸ் போனால் மூன்று செட்டுதான், மூன்றாவது செட்டும் 6-6 ஆனால் பத்துப் பாயின்ட் டைபிரேக்கர், அதாவது இரண்டு பாயின்ட் வித்தியாசத்தோடு பத்தை முதலில் தொடுகிறவர்களுக்கு ஆட்டம், முடிந்தது கதை.

அப்புறம் நேரம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே போட்டு வைத்ததுபோல இருக்கும். ஜனவரியில் மெல்பர்ன் நமக்கு ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடும், அங்கே காலை 11 மணி என்றால் இங்கே விடியற்காலை 5.30. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் அந்நேரம் தோட்டத்தில் நிற்பார்கள். வெட்டு முடித்து, ரப்பர் பால் எடுத்து, குளித்து உட்காரும்போது சிங்கிள்ஸ் ஒன்றிரண்டு முடிந்து டபுள்ஸ் ஜோடிகள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். பைனல் இன்னும் வசதி. சனிக்கிழமை பெண்கள் சிங்கிள்ஸ் பைனல் முடிந்தபிறகு அதே மைதானத்தில் நடக்கும், நமக்கு சாயா குடிக்கிற நேரம். அமெரிக்க ஓப்பன் மாதிரி ராத்திரி முழித்து மறுநாள் பஸ்ஸில் தூங்கி வழிய வேண்டாம்.

டென்னிஸ் தெரியாதே என்று யோசிக்கிறவர்கள், ராத்திரி லைட் போட்டு ஷட்டில் டபுள்ஸ் ஆடுகிற நம்ம ஊர் மைதானங்களில் ஒருநாளாவது நின்றிருந்தால் போதும். யார் முன்னால், யார் பின்னால், நடுவில் வருகிற பந்து யாருக்கு என்கிற அதே சண்டைதான். சிங்கிள்ஸ் கோர்ட் 27 அடி அகலம், டபுள்ஸுக்கு இரண்டு பக்கமும் நாலரை அடி சேர்ந்து 36 அடி. நாலு பேர் நிற்கும்போதும் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும், அதை யார் முதலில் பார்க்கிறார் என்பதுதான் ஆட்டமே. சர்வ் போடுவதற்கு முன்னால் நெட்டில் நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவதைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தப்பா கேட்டார், "மக்கா, அவன் பின்னால கைய வச்சு என்னத்தையோ காட்டுதான், அம்பயருக்குத் தெரியாம கள்ளத்தனம் பண்ணுதானா?" கள்ளத்தனம் இல்லை சித்தப்பா, சர்வ் எந்தப் பக்கம் போட வேண்டும், தான் குறுக்கே பாயப்போகிறேனா நிற்கப்போகிறேனா என்று ஜோடிக்குச் சொல்கிறார் என்று விளக்கினேன். அதன்பிறகு மனிதர் பந்தையே பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார், நான் டீ கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் 2024 பைனல்தான். 43 வயது ரோஹன் போபண்ணாவும் மேத்யூ எப்டனும் இத்தாலியின் பொலெல்லி, வவசோரி ஜோடியை 7-6, 7-5 என்று ஜெயித்தார்கள். முதல் செட் டைபிரேக்கரில் எதிராளிக்கு ஒரு பாயின்ட்கூடக் கொடுக்கவில்லை, 7-0. ஓப்பன் காலத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளில் ஆண்கள் டபுள்ஸ் பட்டம் வாங்கியவர்களில் மிக வயதானவர் போபண்ணாதான். லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதிக்கு அப்புறம் இந்தப் பட்டம் வாங்கிய மூன்றாவது இந்தியரும் அவரே. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகாவால் மீண்டு வந்தவர். சர்வ் போட்டுவிட்டு அவர் நெட்டுக்கு நடந்து வருகிற நிதானத்தைப் பார்த்தால் பையன்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. முதல் சுற்றிலேயே உள்ளூர் ஜோடியிடம் மூன்றாவது செட் டைபிரேக்கர் வரைக்கும் இழுத்தது, அரையிறுதியில் மசாக், ஜாங் ஜோடியிடம் கடைசி டைபிரேக்கர் 10-7. அங்கே நாலு பந்து மாறி விழுந்திருந்தால் இன்றைக்கு யாரும் அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். பைனலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது, அதனால்தான் முதல் வாரத்திலிருந்தே பாருங்கள் என்கிறேன்.

பாவப்பட்டது அந்த இத்தாலிக்காரர்கள். அடுத்த வருஷமும் பைனலுக்கு வந்தார்கள், முதல் செட் டைபிரேக்கரை 18-16 என்று எடுத்தார்கள், அதற்குப் பிறகும் ஹெலியோவாரா, பாட்டன் ஜோடியிடம் தோற்றார்கள். அந்த டைபிரேக்கர் ஒன்றுக்கே ஒரு மாதச் சந்தா தகும்.

இனி குறை. நான் காசு கட்டிய ஆப்பின் பெயர் வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்கிறேன். முகப்புப் பக்கத்தில் டபுள்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எந்தக் கோர்ட்டில் யார் ஆடுகிறார்கள் என்று போட்டியின் சொந்த அட்டவணையில் பார்த்துவிட்டு, அந்தக் கோர்ட் எண்ணைத் தேடித்தான் உள்ளே போக வேண்டும். 5-5 என்று இருக்கும்போது வேறெங்கோ ஒரு பெரிய ஆட்டக்காரர் பயிற்சிக்கு நடந்து போவதைக் காட்டுவார்கள். கேமராவும் அப்படித்தான்: சர்வ் போடுகிறவர் முகத்தை அவ்வளவு நெருக்கத்தில் காட்டி என்ன புண்ணியம், மற்ற மூன்று பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தால்தானே டபுள்ஸ்? இதில் இன்டர்நெட் வேகம் வேறு. மலையோரம் போகப்போக சிக்னல் தடுமாறும், சரியாக எதிராளியின் சர்வை உடைக்கப்போகிற பிரேக் பாயின்டில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.

ஒளிபரப்புக்காரர்களை மட்டும் திட்டியும் பயனில்லை, போட்டி நடத்துகிறவர்களே டபுள்ஸை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2024-ல் ஆண்கள் சிங்கிள்ஸ் பட்டத்துக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், டபுள்ஸ் ஜோடிக்கு 7.3 லட்சம், அதையும் இரண்டு பேர் பங்கு வைக்க வேண்டும்.

வருஷச் சந்தா வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள், முதல் வாரத்தின் நடுவில் டபுள்ஸ் சூடுபிடிக்கும் நேரத்தில் எடுத்தாலும் பைனல் வரை வரும். தானாகப் புதுப்பிக்கிற வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள், பிறகு மறந்துபோகும். போனில் மட்டும்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நெட்டுக்குப் பக்கத்தில் நாலு பேரும் பந்தை மாறி மாறித் தட்டும்போது அந்தச் சின்னத் திரையில் பந்து எங்கே போகிறதென்றே கண்ணுக்குச் சிக்காது. டிவி இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போய்விடுங்கள், சந்தாவையும் அவர் தலையிலேயே கட்டப் பாருங்கள்.