லேப்டாப் ஸ்கிரீன் மாற்றக் கொடுக்கும் முன் பேனல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்கிரீன் உடைந்த லேப்டாப்பைக் கொடுக்கும்போது, "அதே ஃபுல் எச்டி பேனல்தான் சார் போடுவோம்" என்று கடையில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்தே எனக்கு மட்டமான பேனலை மாட்டிவிட்டார்கள்.

படங்களைத் திருத்துவதுதான் என் வேலை. எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளுக்கான பொதுவான வண்ண அளவுகோல்) வண்ணங்களை 100 சதவீதம் காட்டும் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) ஸ்கிரீன் என்பதற்காகவே அந்த மாடலை வாங்கினேன். ஓரத்தில் விரிசல் விட்டதும் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். திரும்பி வந்ததைத் திறந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. நல்ல சிவப்புப் பூ ஒன்றின் படம் செங்கல் நிறத்தில் தெரிந்தது. அதே படம் போனில் பளிச்சென்று இருந்தது. பிரைட்னஸை முழுதாக ஏற்றினாலும் வெளுத்த தோற்றம் போகவில்லை.

கேட்டால், "இதுவும் 1920க்கு 1080, இதுவும் ஐபிஎஸ், அப்புறம் என்ன?" என்கிறார்கள். இங்கேதான் ஏமாற்று வேலை. அந்த எண், அதாவது ஃபுல் எச்டி என்பது, திரையில் உள்ள புள்ளிகளின் கணக்கு மட்டும்தான், வண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விலை குறைந்த பேனல்களில் பெரும்பாலும் "45% என்டிஎஸ்சி" என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது இன்னொரு வண்ண அளவுகோல். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கொடுத்த பில்லிலோ "15.6 ஃபுல் எச்டி எல்இடி" என்று மட்டும் இருந்தது. எல்இடி என்பது பின்னால் எரியும் விளக்கு, அதை வைத்துப் பேனலின் தரத்தைச் சொல்லவே முடியாது.

நல்லவேளையாக, பழைய சிஸ்டம் ரிப்போர்ட் ஒன்றைச் சேமித்து வைத்திருந்தேன். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், மானிட்டரின் டீடெயில்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். மூன்று எழுத்தும் நான்கு குறிகளும் சேர்ந்து வரும். முதல் மூன்று எழுத்து பேனல் தயாரித்த நிறுவனம், அடுத்த நான்கும் அவர்கள் அந்தப் பேனலுக்குக் கொடுத்த குறியீடு. என் ரிப்போர்ட்டில் இருந்ததும் இப்போது வருவதும் வேறு வேறு. இதைக் காட்டிய பிறகுதான் "கம்பேட்டிபிள் பேனல்", அதாவது அதே இடத்தில் பொருந்தும் வேறு பேனல், என்ற பேச்சே வந்தது. பழைய பேனலைக் கேட்டேன், தூக்கிப்போட்டுவிட்டார்களாம்.

வண்ணத்தைவிட எனக்குக் கோபம் வேறொன்றில்தான். இரவில் பிரைட்னஸைக் குறைத்து வேலை செய்தால் கண் வலி, தலைவலி. போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/1000 வைத்து ஸ்கிரீனைப் பார்த்தேன், கறுப்புப் பட்டைகள் ஓடின. வெளிச்சத்தைக் குறைக்க விளக்கையே வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கும் பேனல் அது. எல்லோருக்கும் இது தொந்தரவு தராது, எனக்குத் தருகிறது. பழைய ஸ்கிரீனில் இந்தப் பிரச்சினையே இல்லை. கண்ணுக்கு நேரே நாள் முழுக்க இருக்கும் பொருளில் இப்படிக் கைவைப்பதை எப்படிப் பொறுப்பது?

எனவே கொடுக்கும் முன் அந்த ஐடியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த எண் பேனல் போடப்போகிறார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பேனல் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். எடுக்கும்போது கடையிலேயே ஐடியைச் சரிபார்த்து, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வித்தியாசத் தொகை கட்டினால் சரியான பேனல் போட்டுத் தருகிறார்களாம். நான் மறுத்து, முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.