மூட்டு அறுவைக்கு முன் கிராண்ட் கேன்யன்: ஆர்வியா, காரா?

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற இன்னும் மூன்று வாரம். அதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்கு ஒரு குடும்பப் பயணம். ஆர்வியில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வண்டி) போவதா, காரில் போவதா?

படி: ஆர்வி வாசலில் குறுகிய படிகள். அம்மா வலியில்லாத காலை முதலில் வைத்து, கைப்பிடியை இறுகப் பிடித்துத்தான் ஏறுகிறார். காரில் அந்தப் பாடில்லை.

கழிப்பறை: ஆர்வியில் கூடவே வரும். காரில் நெடுஞ்சாலையின் அடுத்த எக்ஸிட் (வெளியேறும் வழி) வரை அடக்கணும்.

பெட்ரோல்: பெரிய ஆர்விக்கு காலனுக்கு 10 மைல் கிடைத்தாலே அதிகம்.

எதில் போனாலும் ஒன்றரை மணிக்கொரு தடவை இறங்கி நடக்க வேண்டும். ரத்தம் உறையக் கூடாது. காலில் சிராய்ப்பு, காய்ச்சல் வந்தால் அறுவையே தள்ளிப்போகலாம்.

அடிக்கடி கழிப்பறை, வீட்டுச் சமையல் தேவைப்படுவோருக்கு ஆர்வி. படிதான் பிரச்சினை என்றால் காரும் தரைத்தள அறையும். நாங்கள் காரில் போகிறோம்.