பாட்டிலில் வரும் ஆப்பிள் ரோட்கோல்: வாங்கலாமா?

ஜெர்மனியில் இலையுதிர் காலம் வந்தால் வாத்து வறுவலுக்குத் துணை ரோட்கோல்தான்: ஆப்பிள் சேர்த்து வேகவைத்த ஊதா முட்டைக்கோஸ். சூப்பர்மார்க்கெட்டில் 720 மி.லி. கண்ணாடி பாட்டிலில் வெந்த நிலையிலேயே கிடைக்கிறது. நாலு பேருக்குப் போதும்.

நிறம் அருமை, கோஸும் குழையவில்லை. ஆனால் இனிப்பு தூக்கல். ஆப்பிள் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். அப்படியே சுடவைத்துப் பரிமாறினால் ஊறுகாய் வாடைதான் முன்னால் நிற்கும்.

அதைச் சரிசெய்யலாம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு வெங்காயத்தை வதக்கி, துருவிய புளிப்பு ஆப்பிள் ஒன்று (போஸ்கோப் என்ற ரகம் கிடைத்தால் அதுவே சிறப்பு), கிராம்பு 2, பிரிஞ்சி இலை 1 போட்டு, பாட்டிலைக் கொட்டி, சிறு தீயில் 20 நிமிடம் மூடி வையுங்கள். சர்க்கரை வேண்டாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், ஏற்கெனவே இருக்கிறது. அலுமினியப் பாத்திரம் கூடாது. புளிப்பு பட்டு உலோக வாடை வரும்.

நேரமிருந்தால் நீங்களே செய்வது மேல்: ஒரு கிலோ கோஸ், 2 ஆப்பிள், 3 மேசைக்கரண்டி வினிகர், ஒரு மணி நேரம். வினிகர் இல்லாமல் வேகவைத்தால் கோஸ் நீலம் பாய்ந்துவிடும். அதன் நிறமி புளிப்பில்தான் சிவக்கும். முழு வினிகரையும் தொடக்கத்திலேயே ஊற்றினாலோ கோஸ் வேகவே அடம்பிடிக்கும். பாதியை முதலில், மீதியை இறக்கும்போது.

வாரநாள் அவசரத்துக்கு பாட்டில் சரி. விருந்துக்கு வாங்க மாட்டேன்.