எல்லையில் காசு கொடுப்பதா, பற்றுச்சீட்டு கேட்பதா?

திருகோணமலையிலிருந்து நேபாளத்திலுள்ள முக்திநாத் யாத்திரைக்கு இந்தியா வழியாகத் தரைமார்க்கமாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்.

எல்லை அதிகாரி கையூட்டாகக் கேட்கும் காசைக் கொடுத்தால் கடவுச்சீட்டில் முத்திரை உடனே விழும். ஆனால் பின்னால் நிற்பவரிடமும் அதே காசைக் கேட்பார்கள்.

வேறொரு நாட்டு எல்லையில் ஓர் அதிகாரி என் கடவுச்சீட்டை விரலால் அமுக்கிப் பிடித்தபடி தேநீர்ச் செலவுக்குக் கேட்டார். “சரி ஐயா, பற்றுச்சீட்டு தாருங்கள்” என்றேன். முக்கால் மணிநேரம் வாங்கில் இருத்தினார்கள். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அப்புறம் ஒன்றும் வாங்காமலே முத்திரை குத்தினார்.

நான் பற்றுச்சீட்டுப் பக்கம்தான். அதற்கு விதி தெரிந்திருக்க வேண்டும்: இலங்கையர் உட்பட, ஆப்கானியர் தவிர்ந்த சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு நேபாளம் ஆண்டின் முதல் வருகையில் 30 நாள் விசாவை இலவசமாகவே தருகிறது. அந்த அறிவிப்பை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

இருட்டில், பிள்ளைகளோடு, கடைசிப் பேருந்தை விட்டுவிடும் பயத்தில் கொடுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன்.