பாதி வழியில் கப்பல் மாறினோம்: ஒரு டானூப் சொகுசுப் பயணம்

என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்தது சொகுசு இல்லை, கால்வாய். முப்பது வருடம் மதகு, ஷட்டர் என்றே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஏறி ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் இறங்கும் ஏழு இரவு நதிக் கப்பல் பயணம் என்றதும், வழியில் மைன் நதியையும் டானூப் நதியையும் இணைக்கும் மைன்-டானூப் கால்வாய் வருமே என்றுதான் மனம் போனது. மனைவியின் கணக்கு வேறு. ஒரு தடவை பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கினால் நாலு நாடு பார்த்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் இந்தத் தொழில் முழுக்க அவள் கணக்கை நம்பித்தான் நடக்கிறது.

முதல் இரவே கால்வாய். பாலங்கள் தாழ்வு என்று மேல்தளத்தைப் பூட்டிவிட்டார்கள். கப்பலை ஓட்டும் மாலுமி அறையே லிஃப்ட் மாதிரி கீழே இறங்கிக்கொள்கிறது. நான் முன்பக்கத்துச் சின்னத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றேன். லாக் என்பது கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி. இந்தக் கால்வாயில் அப்படி 16 இருக்கின்றன. அவற்றில் மூன்று, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 25 மீட்டர் தூக்குகின்றன. கப்பல் உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் ஈரச் சுவர். பக்கத்துக்கு ஒரு முழம்கூட மிச்சமில்லை. கதவு மூடுகிறது, சத்தமே இல்லாமல் சுவர் கீழே இறங்க ஆரம்பிக்கிறது. ஏறுவது நாம்தான் என்று புரிய ஒரு நிமிடம் ஆகும். பக்கத்திலேயே படிப்படியாக மூன்று தொட்டி கட்டி, வடியும் தண்ணீரில் பாதிக்கு மேல் பிடித்து வைத்து அடுத்த தடவைக்குப் பயன்படுத்துகிறார்கள். இதைக் கட்டினவர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கடல் மட்டத்துக்கு 406 மீட்டர் மேலே மலைமுகட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் டானூபை நோக்கி இறங்குகிறோம். சார்லமேன் மன்னர் 793-லேயே இந்த இரண்டு நதிகளை இணைக்கத் தோண்டிப் பார்த்தார். இப்போதைய கால்வாய் முடிந்தது 1992-ல். லவுஞ்சில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் என்னோடு நின்றது இன்னொரு கிழவர் மட்டும்தான்.

அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்றபோதுதான் இந்த வியாபாரம் பிடிபட்டது. அங்கே லாக்கின் அகலம் 12 மீட்டர். அதனால் கப்பலின் அகலம் 11.4 மீட்டர், நீளம் 135 மீட்டர். பயணிகள் 190 பேருக்குள்தான். கடல் கப்பலைப் போல ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றவே முடியாது. கப்பலைப் பெரிதாக்க முடியாவிட்டால் ஒன்று கட்டணத்தைக் கூட்ட வேண்டும், இல்லை ஒரே மாதிரிக் கப்பல்களை வரிசையாகக் கட்டித் தள்ள வேண்டும். இரண்டும் நடக்கிறது. 1997-ல் நாலு கப்பலோடு தொடங்கிய வைக்கிங் நிறுவனம் 2013-ல் ஒரே நாளில் பத்துக் கப்பல்களுக்குப் பெயர் சூட்டியது. (நாங்கள் போனது அவர்கள் கப்பல் இல்லை.) 'ஆமாமேக்னா' என்று 22 மீட்டர் அகலத்தில் ஒன்று 2019-ல் வந்தது. ஆனால் அது டானூபை விட்டு வெளியே வர முடியாது. இந்தக் கால்வாய்க்குள் அது நுழையாது அல்லவா!

சரி, சொகுசுக்கு வருவோம். நாங்கள் எடுத்தது 'பிரெஞ்சு பால்கனி' உள்ள அறை. கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் அது ஒரு கண்ணாடிக் கதவு, திறந்தால் உடனே கம்பி. நாற்காலி போட இடமில்லை. நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதுவும் கப்பல் ஓடும்போது. ஊருக்குள் நிற்கும்போது படித்துறையில் இடம் போதாமல் மூன்று கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிடுகிறார்கள். வியன்னாவில் திரையை விலக்கினேன். இரண்டடி தள்ளி இன்னொரு கப்பலின் அறையில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், இருவரும் திரையை இழுத்துக்கொண்டோம். கரைக்குப் போவதென்றால் அந்தக் கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான் நடக்க வேண்டும். படுக்கை, குளியலறை, கவனிப்பு எதிலும் குறையில்லை. சைவம் என்று சொன்னதற்கு முதல் இரண்டு நாள் காளான் சோறும் வேகவைத்த காயுமாக வந்தது. மனைவி நேரே தலைமைச் சமையல்காரரிடம் போய்ப் பேசிய பிறகு நிலைமை மாறியது.

ரெகன்ஸ்பர்க்கில் 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அறையில் ஒரு கடிதம். டானூபில் தண்ணீர் இல்லை. ஷ்ட்ராவ்பிங்கிலிருந்து வில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றில் அணை கிடையாது. மழை குறைந்தால் முதலில் தரை தட்டுவது அங்கேதான். நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசி. பெட்டியைக் கட்டுங்கள், பஸ்ஸில் பஸாவ் போய் அங்கே நிற்கும் இன்னொரு கப்பலில் ஏறுங்கள் என்றார்கள். மனைவியின் 'ஒரே தடவை பிரித்தால் போதும்' அங்கே அடிபட்டது.

ஆனால் பஸாவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதே அறை எண். அதே கட்டில், அதே விளக்கு, சுவரில் அதே ஓவியம். பெட்டிகள் எங்களுக்கு முன்பே வந்து நின்றன. "ஏங்க, நம்ம ரூமையே இங்க கொண்டுவந்து வச்சுட்டாங்களா?" என்றாள். எங்கள் பழைய கப்பலில் அதே நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்தவர்கள் ஏறியிருப்பார்கள். அச்சில் வார்த்ததுபோல் கப்பல்களைக் கட்டுவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது. என் கோபம் வேறு இடத்தில். அரை நாளை பஸ்ஸில் கழித்ததற்குப் பணமாக எதுவும் திரும்பவில்லை. நீர்மட்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள ஒரு கூப்பன் கொடுத்தார்கள். ஆறு வற்றுவதும் பெருகுவதும் இவர்களுக்குப் புதிதா என்ன? அதே பஸாவில் 2013 ஜூனில் தண்ணீர் 12.89 மீட்டர் வரை ஏறியதைச் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தாலும் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாமல் கப்பல் நின்றுவிடும்.

ஆஸ்திரியாவில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை வாக்காவ் பள்ளத்தாக்கு. முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் கொடுத்த காசு அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னரைச் சிறை வைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டை, படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், நீல நிறத் தேவாலயக் கோபுரம் எல்லாம் மெல்ல நகர்ந்து வருகின்றன. இதை அறையிலிருந்து யாரும் பார்க்கவில்லை. கப்பலில் இருந்த அத்தனை பேரும் மேல்தளத்தில்தான் இருந்தார்கள்.

அதனால் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கீழ்த்தளத்து மலிவு அறையே எடுங்கள். ஜன்னல் திறக்காது, தண்ணீர் மட்டத்தில் இருக்கும். அன்னப்பறவை கண்ணுக்கு நேரே நீந்திப் போகும். அறைக்குள் தூங்கத்தான் போவீர்கள். மிச்சப் பணத்துக்கு புடாபெஸ்ட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம். புறப்படும் தேதியை மே, ஜூனில் வைத்தால் வறட்சிப் பயம் கொஞ்சம் குறைவு. தனியாகப் போகிறவர்கள் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். ஒருவர் தங்கினாலும் இருவர் கட்டணத்துக்குப் பக்கத்தில் வாங்கிவிடுகிறார்கள்.

கூப்பன் இரண்டு வருடம் செல்லுமாம். ரைன் நதிக்கு எவ்வளவு என்று மனைவி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே லாக் எத்தனை என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.