லாயத்தில் குறை தெரிந்தால்: அங்கேயே இருப்பதா, மாற்றுவதா, வீட்டுத் தோப்புக்கா?

டெல்டாப் பக்கம் மாதப் பணம் கட்டி லாயத்தில் குதிரையை விட்டிருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். போய்ப் பார்த்தால் தண்ணீர் டிரம் காய்ந்து கிடக்கும். கழுத்துக் கயிறு இரண்டு முழத்தில் கட்டியிருக்கும். புதிதாக வந்த குதிரை ஒன்று மூக்கு ஒழுகியபடி நம் குதிரைக்கு அடுத்த தடுப்பில் நிற்கும். அப்போது இருக்கிற வழி மூன்று: பேசிச் சரிசெய்துகொண்டு அங்கேயே இருப்பது, வேறு லாயத்துக்கு மாற்றுவது, வீட்டுத் தோப்புக்கே ஓட்டிவந்துவிடுவது. எங்கள் குதிரைக்கு நாங்கள் எடுத்தது முதல் வழி. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பேச்சுக்கே இடமில்லாத சிலவற்றை முதலில் தள்ளிவிடலாம். தடியால் அடிப்பது, பகல் முழுக்கத் தண்ணீர் காட்டாமல் வெயிலில் கட்டுவது, திறந்த புண்ணை ஈ மொய்க்க விடுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே குதிரையை வெளியே எடுக்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் அடிப்பதோடு, அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதும், போதுமான தீனியும் தண்ணீரும் நிழலும் தராததும் குற்றங்களாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. மற்றவர்களின் குதிரைகளும் அங்கே இருக்கின்றன என்பதால், காவல் நிலையத்திலோ கால்நடைப் பராமரிப்புத் துறையிலோ எழுத்தில் கொடுப்பது நம் கடமை.

நோய்க் குதிரையைப் பிரிக்காமல் வைப்பதும் இதே வரிசைதான். ஆடியில் அந்தியூர்ச் சந்தை முடிந்து புதுக் குதிரைகள் வந்து இறங்கும் வாரங்களில் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும். பல ஊர்க் குதிரைகளோடு நின்றுவிட்டு வருபவை அவை. புதிதாக வந்ததற்கு மூன்று வாரம் தனிக் கொட்டகை, தனி வாளி, தனி பிரஷ் தேவை. பார்க்கும் ஆள் மற்றக் குதிரைகளை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அதனிடம் போக வேண்டும். மூக்கில் கெட்டியான சீழும் தோலில் வரிசையாகக் கட்டிகளும் இருந்தால் கிளாண்டர்ஸ் என்று சந்தேகப்பட வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். "சளிதான், ரெண்டு நாள்ல சரியாப்போயிடும்" என்று சொல்லும் லாயத்தில் மூன்றாவது நாள் இருக்கக் கூடாது.

மற்றக் குறைகளில் பெரும்பாலானவை பேசித் தீர்கிறவைதான். பேசுகிற விதத்தில் இருக்கிறது சங்கதி. வேலையாளை நாலு பேர் முன்னால் சத்தம் போட்டால் அந்தக் கோபம் மறுநாள் குதிரை மேல்தான் இறங்கும். தீனி வைத்து முடிந்த சாயங்கால நேரம் பார்த்து, லாயக்காரரிடம் ஒரே ஒரு விஷயத்தை, நாள் நேரத்தோடு சொல்ல வேண்டும். "அண்ணே, நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு டிரம் காலியா இருந்துச்சு. இன்னொரு டிரம் நான் வாங்கித் தர்றேன், மதியம் ஒரு தரம் நிரப்பிடச் சொல்றீங்களா?" என்று கேட்டால் முக்கால்வாசி இடத்தில் காரியம் ஆகிவிடும். 400 கிலோ குதிரைக்குச் சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர் வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கும் மேலே. டிரம்மில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் எவ்வளவு குடித்திருக்கிறது என்று யார் பார்த்தாலும் தெரியும்.

தண்ணீர் இருந்தும் குடிக்கவில்லை என்றால் தொட்டிப் பக்கம் மோட்டார் ஒயர் போகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு லாடமும் ஈரத் தரையும் சேர்ந்தால், நம் கைக்குத் தெரியாத கசிவுகூடக் குதிரைக்குச் சுருக்கென்று தைக்கும். ஒருமுறை வாங்கிய குதிரை அந்தத் தொட்டியில் திரும்ப வாய் வைக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்து கரண்டை நிறுத்தும் டிரிப்பர் லாயத்து லைனுக்குக் கட்டாயம். கட்டும்போது இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், வளையத்தில் ஒரு சணல் சுற்றுப் போட்டு அதில் உருவு முடிச்சாகக் கட்டச் சொல்ல வேண்டும். மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும்.

வைக்கோலில் பருவம் பார்க்க வேண்டும். தை, மாசியில் வரும் சம்பா வைக்கோல் பெரும்பாலும் நன்றாகக் காய்ந்திருக்கும். குறுவை அறுப்பு மழையில் மாட்டும் பருவம் என்பதால் அந்தக் கட்டுகளின் நடுவில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தாலோ, உதறினால் சாம்பல் நிறத் தூசு பறந்தாலோ அது பூசணம். தீனிக்கும் ஆகாது, படுக்கைக்கும் ஆகாது. மூச்சுக்குழாயில் போய் இருமலாக உட்கார்ந்துகொள்ளும். தரை பற்றி ஒரு வார்த்தை: டெல்டாக் களிமண்ணில் தரையை ஒரு அடியாவது உயர்த்தி வாட்டம் கொடுக்காத லாயத்தில், ஐப்பசி பிறந்தால் குளம்பின் அடியில் கறுத்து நாறும் அழுகல் வந்தே தீரும். காசு போட்டால் தீர்கிற குறை அது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு லாயத்தை விட்டுப் போக வைக்கும் காரணம் ஒன்று உண்டு. ராத்திரி அங்கே யார் இருக்கிறார்கள்?

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் காற்றோ அடைப்போ சேர்ந்தால் மேலே போக வழி இல்லை. வயிற்று வலி எட்டு மணிக்கு ஆரம்பித்தால், குடல் முறுக்கியிருக்கும் பட்சத்தில் காலை ஆறு மணிக்கு டாக்டர் வந்து செய்ய அதிகம் மிச்சம் இருக்காது. குதிரையின் உயிர் போவதும் நிற்பதும் அந்தப் பத்து மணி நேரத்துக்குள். பகலில் எவ்வளவு அருமையாகப் பார்த்தாலும், ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போகிற லாயம் பாதி லாயம்தான்.

ஆள் படுத்திருந்தால் மட்டும் போதாது, இரவு பத்து மணிக்கும் விடிகாலை நாலரைக்கும் ஒரு சுற்று நடக்க வேண்டும். டார்ச்சோடு போகிறவர் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். லத்தி எத்தனை குவியல்? நல்ல குதிரை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தரம் போடும், ராத்திரி முழுக்க ஒன்றுமில்லை என்றால் அபாயம். வைத்த தீனி மிச்சமா? தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? வேர்வை, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைப் பறிப்பது, படுத்து எழுந்து படுப்பது. சுவரோரம் புரண்டு கால் மடங்கி எழ முடியாமல் கிடக்கிறதா என்பதும்.

ஏதாவது தெரிந்தால் முதலில் தீனியை எடுத்துவிட வேண்டும். தாடைக்குக் கீழே உள்பக்கம் ஓடும் நாடியை 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் நிதானமாக நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 இருக்கும். 60 தாண்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். இரண்டு விலாவிலும் காதை வைத்துக் கேட்டால் வயிறு உறுமும் சத்தம் வரும், ஒரு நிமிஷம் முழுக்க மௌனம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாட்டுக்குச் செய்கிற வழக்கத்தில் மூங்கில் குழாயில் எண்ணெயும் ஓமத்தண்ணீரும் ஊற்றுவது நம் பக்கம் நல்ல மனசோடு செய்யும் பெரிய தப்பு. வலியில் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். எண்ணெய் கொடுப்பதென்றால் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள்தான் கொடுப்பார்.

இதையெல்லாம் தெரிந்த ஆள்கூட ராத்திரியில் போன் போடாமல் விடியட்டும் என்று காத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: பயம். டாக்டர் பீஸ் யார் கொடுப்பது, காலையில் குதிரை தானாக எழுந்து நின்றால் ஓனர் என்ன சொல்வார் என்ற பயம். குதிரை போவது பெரும்பாலும் இந்தத் தயக்கத்தில்தான். அதனால் எழுத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாலே போதும். நான் போன் எடுக்காவிட்டாலும் டாக்டரைக் கூப்பிடலாம், இன்ன தொகை வரை கேட்காமல் செலவு செய்யலாம், காப்பாற்ற வழியில்லை என்று டாக்டர் சொன்னால் கருணை ஊசிக்குச் சம்மதம் உண்டா இல்லையா, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தொகையை முன்பணமாக லாயத்திலேயே கொடுத்துவைப்பது இன்னும் நல்லது. தாளின் அடியில் குதிரை பார்க்கும் டாக்டர் நம்பர், கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரான 1962, ராத்திரி வரக்கூடிய வண்டிக்காரர் நம்பர். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது டெல்டாவுக்குப் பெரிய பலம், ஆனால் அங்கே கொண்டுபோக வண்டி வேண்டும். ஏற்றுமேடையும் அடியில் மணல் கொட்டிய வண்டியும் எங்கே கிடைக்கும் என்பதைப் பகலிலேயே பேசி வைக்காவிட்டால் ராத்திரி ஒன்றும் நடக்காது.

லாயக்காரர் இதில் கையெழுத்துப் போட்டு, ராத்திரி ஆளையும் நம்மிடம் பேசவிட்டால், மற்றக் குறைகளுக்காக அந்த இடத்தை விட வேண்டியதில்லை என்பதுதான் என் முடிவு. ஒரு தடவை சொல்லாமல் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நல்ல லாயக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வேறு லாயத்துக்கு மாற்றும் வழியில் அனுபவம் குறைவு என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். புது இடத்திலும் கேட்க வேண்டியது அதே ராத்திரிக் கேள்விதான். கிளம்பும்போது பாக்கி இல்லாமல் கட்டி ரசீது வாங்க வேண்டும், பாக்கியைக் காட்டிக் குதிரையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் சண்டை வேண்டாம். பழைய தீனியில் ஒரு வாரத்துக்கானதைக் கூடவே கொண்டுபோய், ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தீனிக்கு மாற்ற வேண்டும். சட்டென்று மாற்றினால் அதுவே வயிற்று வலிக்கு வழி. புது இடத்தில் நம் குதிரைதான் புதுக் குதிரை, மூன்று வாரம் தனியாக நிற்கச் சொன்னால் அது நல்ல லாயம்.

வீட்டுத் தோப்பு கேட்கவே இனிக்கும். கண் முன்னால் இருக்கும், ராத்திரிக் கேள்விக்கும் நாமே பதில். ஆனால் குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி, ஒற்றையாக நின்றால் கம்பத்தைக் கடித்துக் காற்றை விழுங்கவும், இடமும் வலமும் ஆடிக்கொண்டே நிற்கவும் ஆரம்பிக்கும். ஒரு மட்டக் குதிரையாவது துணைக்கு வேண்டும், ஆடும் மாடும் அதற்கு அடுத்தபடிதான். அதோடு முள்கம்பி வேலி, நெல் வயலில் இருந்து வரும் மருந்துக் காற்று, தலைக்கு மேலே தென்னை மட்டை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகளைச் சாய்த்தது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு ராத்திரியில் குதிரை தென்னைக்கடியிலோ, பறக்கக்கூடிய ஷீட்டுக்குக் கீழேயோ நிற்கக் கூடாது. கான்கிரீட் கூரையுள்ள இடம் இல்லாத வீட்டில் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

மாடும் இருக்கிற வீடென்றால் தீனியில் இரண்டு ஆபத்து. சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாடு தாங்குகிற அளவு குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொல்லும், ஆகவே மூட்டைகளைத் தனி அறையில் பூட்டியே வைக்க வேண்டும். இரண்டாவது, மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 புல். பச்சையாக மட்டும் கொடுத்தால் 400 கிலோ குதிரைக்கு 35 - 40 கிலோ தேவைப்படும், பலரும் அப்படியே போட்டு மேலே அரிசித் தவிடும் வைக்கிறார்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது, தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் மீதியையும் கெடுக்கும். பல மாதம் கழித்து நடை இறுகும், காரணம் தெரியாமல் நொண்டும், முகத்து எலும்பு இரண்டு பக்கமும் உப்பும். கோ-4ஐப் பாதியாகக் குறைத்து, அருகு, உலர் புல், குதிரை மசால் கலக்க வேண்டும். பெயரிலேயே குதிரை இருந்தாலும் குதிரை மசால் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் நிற்காது. காய்ந்ததாகத்தான் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்டுச் சுண்ணாம்புச் சத்தும் சேர்க்க வேண்டும்.

பணக் கணக்கில் வீடு மலிவாகத் தெரியும். அதில் நம் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை. விடிகாலை நாலரை மணிக்கு, மார்கழியிலும், கல்யாண வீட்டுக்குப் போன நாளிலும், காய்ச்சலில் படுத்த நாளிலும் அந்தச் சுற்றை யார் போவது என்று வீட்டில் இரண்டு பேர் பெயரைச் சொல்ல முடிந்தால் தோப்பு சரியான வழி. ஒரே பெயர்தான் வருகிறது என்றால் லாயத்து ராத்திரி ஆளுக்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து அங்கேயே வைப்பது குதிரைக்கு நல்லது. முதல் வழியை எடுப்பவர்கள் அந்தக் கையெழுத்துத் தாளை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேட் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவிட வேண்டும். ராத்திரியில் சாவியைத் தேடுகிறவர் கையில் அதுவும் சேர்ந்து வரும்.