மூன்று கால் இரும்புச் சட்டி: கோளாறு மூடியில்தான்

மாட்டு வண்டிகளில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாள் முதல், அவர்கள் சமைத்தது போன்ற மூன்று கால் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை வாங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்துவந்தது. தை மாதத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில், தோசைக்கல்லுக்கும் பணியாரக்கல்லுக்கும் நடுவே அது கண்ணில் பட்டது. ஏறத்தாழ ஐந்து லிட்டர் கொள்ளும். மூடியோடு ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விலை 2,400 ரூபாய். குறை சொல்லப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தச் சட்டியை மதிப்பிட, அது எந்த வாழ்க்கைக்காக வார்க்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். 1840களிலிருந்து மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் போன்ற ஊர்களில் புறப்பட்ட குடும்பங்கள், ஒரேகானின் வில்லமெட் பள்ளத்தாக்கை அடைய ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தொலைவை நான்கு முதல் ஆறு மாதங்களில் கடந்தன. (அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரேகான் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான், நம் ஊர் வானிலையை இணையத்தில் தேடி, அந்த ஊரின் பனிக்குளிரைப் படித்தவர்கள் என்னைப் போலப் பலர் இருப்பார்கள்.) பெரியவர் ஒருவருக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, 20 பவுண்டு சர்க்கரை, காப்பியும் உப்பும் பத்துப் பத்துப் பவுண்டு என்று 1845ஆம் ஆண்டின் வழிகாட்டி நூல் ஒன்று கணக்குக் கொடுத்தது. மாவு மட்டுமே நம் கணக்கில் 90 கிலோ. இவ்வளவையும் ஏற்றிய வண்டியில் மனிதருக்கு இடமில்லை. பெரும்பாலோர் வண்டியோடு நடந்தே போனார்கள். கனமான அடுப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர்களில் பலர் அதைப் பாதி வழியில் இறக்கிப் போட்டார்கள். சட்டியையோ பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ரொட்டி சுடுவது, அவரை வேகவைப்பது, காப்பிக்கொட்டை வறுப்பது எல்லாவற்றுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தமாகும் என்ற 1862ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பிப் புல்வெளியில் மண்கட்டி வீடு கட்டியவர்களிடமும் இதே சட்டிதான் இருந்தது. (அந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை அந்த மண்ணின் பழங்குடிகளைத்தான் கேட்க வேண்டும்.) மரமே இல்லாத சமவெளியில் அவர்கள் பொறுக்கி எரித்தது காட்டெருமையின் காய்ந்த சாணம், நமக்கு வறட்டி புதிதல்ல.

சட்டியைப் பழக்குவதில் சிரமமே இல்லை. மணல் அச்சின் சொரசொரப்பைத் தேய்த்து எடுத்து, இரண்டு நாள் வடிகஞ்சி ஊற்றி வைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் போட்டு வதக்கினேன். ஒரே வாரத்தில் கறுத்து வழவழப்பாகிவிட்டது. அடுப்பில் ஒருமுறை சூடேறினால் அரை மணி நேரம் ஆறாது. வார்ப்பு கனம் எல்லாப் பக்கமும் சீராக இருக்கிறது. இந்த விலைக்கு இது நல்ல வேலைப்பாடு என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இந்தச் சட்டியின் உயிர் மூடியில் இருக்கிறது. அசல் மூடி தட்டையாக, ஓரத்தில் நிமிர்ந்த விளிம்போடு இருக்கும். அதன்மேல் தணலைப் பரப்பினால்தான் கீழும் மேலும் சூடு பட்டு ரொட்டி வேகும். பிரியாணிக்குத் தம் போடும்போது மூடிமேல் கங்கு வைப்பதை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். கடைக்காரர் கொடுத்த மூடியோ நடுவில் மேடாகவும் விளிம்பில்லாமலும் இருந்தது. வாங்கும்போது நான் இதைக் கவனிக்கவில்லை.

ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக் கொல்லையில், கவாத்து செய்த காப்பிக் குச்சிகளையும் சில்வர் ஓக் சுள்ளிகளையும் எரித்துத் தணலாக்கி, மக்காச்சோள மாவில் மோரும் உப்பும் சமையல் சோடாவும் கலந்து ரொட்டி சுட்டேன். மூடிமேல் வைத்த கங்குகள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. மூடியைத் தூக்கியபோது சாம்பல் உள்ளே கொட்டியது. அடிப்பக்கம் கருகி, மேற்பக்கம் பச்சை மாவாகவே நின்றது. “தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குற பிள்ள, மூடியப் பார்க்க மாட்டியா?” என்று சித்தி கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. இரண்டாம் முறை அவருடைய குழிந்த பழைய தோசைக்கல்லை மூடியாக வைத்து, அதன் குழிவில் தணலைக் கொட்டி, கீழே இருந்ததைப் போல இரண்டு மடங்கு மேலே வைத்தேன். நாற்பது நிமிடத்தில் மேற்பக்கம் பொன்னிறமாக வெடித்து, விரலால் தட்டினால் ஓசை கேட்கும் ரொட்டி கிடைத்தது. வெண்ணெயோடு சூடாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது; ஆறினால் தொண்டையை அடைக்கிறது. இதையே மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் மேல் அனுதாபம் பிறந்தது.

காப்பிக்கு மூடி தேவையில்லை என்பதால் அங்கே சட்டி முழு மதிப்பெண் பெறுகிறது. அர்பக்கிள் சகோதரர்கள் 1860களில் வறுத்த கொட்டையைப் பொட்டலத்தில் விற்கத் தொடங்கும்வரை, அந்தக் குடும்பங்கள் பச்சைக் கொட்டையைச் சட்டியில் வறுத்துத்தான் குடித்தன; அடுப்பில் கவனம் தப்பினால் அன்றைய காப்பி முழுவதும் கரி. தோட்டத்துப் பச்சைக் கொட்டை கால் கிலோவைப் போட்டு, மரக்கரண்டியால் விடாமல் கிளறினேன். பன்னிரண்டாவது நிமிடம் படபடவென்று வெடித்தது. சூடு சட்டியிலேயே தங்குவதால் கொட்டை நிறம் மாறியதும் உடனே முறத்தில் கொட்டிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்த முதல் ஈடு கசந்துபோனது. வீட்டில் வாரம் ஒருமுறை வறுப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் நான் கண்டதில்லை.

குறையைச் சொன்னபோது கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. விளிம்பு வைத்த மூடியை வார்ப்புப் பட்டறையில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மூன்று வாரமாகத் தகவல் இல்லை. ரொட்டிக்காக வாங்க நினைப்பவர்கள் அதுவரை பொறுத்திருக்கலாம், அல்லது குழிந்த தோசைக்கல் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்ச் சட்டியின் வாயில் பொருத்திப் பார்த்து வாங்கலாம். என்னுடைய மூடியை, களத்தில் காப்பி காயவைத்த தார்ப்பாய் காற்றில் பறக்காதபடி, சித்தி ஒரு மூலையில் பாரமாக வைத்திருக்கிறார்.